குடியானவர் கொல்லையில் பட்டறைக் கொட்டகை: கட்டும் முறையும் வெப்பத் தடுப்பும்

விவசாயத்திற்கு நிலமும் நீரும் விதையும் எவ்வளவு அவசியமோ, கருவிகள் செப்பமாய் இருத்தலும் அவ்வளவு அவசியமாகும். கலப்பை, மண்வெட்டி, மருந்து தெளிக்கும் கருவி, நீர் இறைக்கும் இயந்திரம், பவர் டில்லர் ஆகியவற்றைப் பழுது பார்ப்பதற்குக் குடியானவரின் வீட்டுக் கொல்லையில் தனியே ஒரு பட்டறைக் கொட்டகை இருக்குமாயின், சிறு பழுதுகளுக்காக நகரத்திற்கு வண்டி வைத்துச் செல்லும் செலவும் காலக்கேடும் நீங்கும்.

நாஞ்சில் நாட்டு நன்செய்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகங்கள் விளைகின்றன. கும்பப்பூ அறுவடை மாசி மாதத்தை ஒட்டி முடிவுறுகிறது. கன்னிப்பூ வேலைகள் சித்திரையிலும் வைகாசியிலும் தொடங்குகின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வாரங்களே கருவிகளைப் பிரித்துத் துடைத்துச் செப்பனிட ஓய்வுள்ள காலம். ஆனால் வருஷத்தில் வெயில் மிகுந்த காலமும் அதுவே. நான்கு தூண்களை நட்டு, மேலே இரும்புத் தகட்டைப் போர்த்திய கொட்டகையில் அக்காலத்தில் காலை பத்து மணிக்கு மேல் ஒருவர் நின்று வேலை செய்தல் இயலாது. ஆகையால் வேலை நாளை நாளை என்று தள்ளிப் போகிறது. பழுது தீராத இயந்திரம் நாற்று நடும் வாரத்தில் நின்று விடுகிறது. கொட்டகைக்குச் செலவிட்ட பணமும் வீணாகிறது. ஆனபடியால் பட்டறைக் கொட்டகை என்பது சித்திரை மாதத்து நடுப்பகலில் மனிதர் நின்று வேலை செய்யத் தக்கதாக இருத்தல் வேண்டும் என்பதே முதல் விதியாகும்.

அஞ்சுகிராமத்தின் வெயிலும் காற்றும்

கன்னியாகுமரி ஜில்லா அகஸ்தீஸ்வரம் தாலுகாவைச் சேர்ந்த அஞ்சுகிராமம், ஜில்லாவின் கிழக்கு எல்லையில், திருநெல்வேலிச் சீமையை அடுத்து, கடலுக்கு அருகே அமைந்துள்ளது. இவ்விடத்தில் கட்டடம் எழுப்புவோர் மூன்று சங்கதிகளை மனத்திற் கொள்ள வேண்டும்.

முதலாவது, சூரியனின் போக்கு. இவ்வூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 8 டிகிரியில் இருப்பதால், ஏப்ரல் மாதத்தின் இரண்டாம் வாரத்திலும், செப்டம்பர் மாதத் தொடக்கத்தை ஒட்டியும் நடுப்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மாதங்களில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கேயும், எஞ்சிய மாதங்களில் தெற்கேயும் செல்கிறது. எனவே நடுப்பகல் வெயிலில் பெரும்பங்கைத் தாங்குவது சுவரன்று, கூரையே. காலை மாலை வெயில் தாழ்ந்து வருவதால் கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் அதனை நேரே ஏற்கின்றன.

இரண்டாவது, காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக் காற்று ஆனி முதல் ஆவணி வரை பெருவேகத்துடன் கிழக்கு நோக்கி வீசுகிறது. முப்பந்தலில் இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளுள் ஒன்று அமைந்திருப்பதற்கு இக்காற்றே காரணம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழி இப்பக்கத்துக் குடியானவருக்கு மிகைச்சொல்லாகத் தோன்றாது. இதனோடு புயல் அபாயமும் உண்டு. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி குமரி முனைக்கு அருகே கடந்து சென்ற ஒக்கிப் புயலால் இந்த ஜில்லாவில் மரங்களும் மின் கம்பங்களும் பெருந்தொகையாய்ச் சாய்ந்தன.

மூன்றாவது, உப்பு. கடற்காற்றிலுள்ள உப்பும் ஈரமும் இரும்பு ஆணிகளையும் தகட்டையும் விரைவில் அரித்து விடுகின்றன.

குளிர்நாடுகளில் கொட்டகைச் சுவர்களுக்குள் கண்ணாடிப் பஞ்சு முதலியவற்றைத் திணித்து அடைப்பது, உள்ளே மூட்டிய கணப்பின் சூடு வெளியேறாதிருக்கும் பொருட்டாம். இங்கே வேண்டுவது வெளிச் சூடு உட்புகாதிருத்தலும், உட்புகுந்த சூடு உடனே வெளியேறுதலும் ஆகும். நாற்புறமும் அடைத்துவிட்டால் சூடு உள்ளேயே தங்கும். மிகத் திறந்துவிட்டாலோ காற்று உட்புகுந்து கூரையைத் தூக்கும். இவ்விரண்டிற்கும் பொருந்திய ஓர் அமைப்பைக் காண்பதே இவ்விஷயத்தின் சாரம்.

இடமும் திசையும்

மழைநீர் தேங்காத மேட்டிடத்தைத் தெரிந்து கொள்க. சாயக்கூடிய தென்னை, முருங்கை முதலிய மரங்களுக்கு நேர் கிழக்கே கொட்டகை அமைத்தல் தகாது. ஆடிக்காற்றில் மரம் சாயும் திசை பெரும்பாலும் அதுவே.

ஒரு குடியானவரின் தேவைக்கு 18 அடி நீளமும் 12 அடி அகலமும் போதும். நீளம் கிழக்கு மேற்காக ஓடும்படி மனை கோலுதல் வேண்டும். இதனால் குறுகிய சுவர்களே கிழக்கு வெயிலையும் மேற்கு வெயிலையும் ஏற்கும். மேற்கிலிருந்து வரும் பெருங்காற்றும் குறுகிய முகத்திலேயே மோதும். வெயிலுக்கு ஏற்ற திசையும் காற்றிற்கு ஏற்ற திசையும் இவ்வூரில் ஒன்றாகவே அமைந்திருப்பது ஒரு நற்பேறு.

வேலை மேசையை வடக்குச் சுவரை ஒட்டி வைத்து, அதன்மேல் சன்னல்களை அமைத்தால் சீரான வெளிச்சம் கிடைக்கும். ஆனி மாதத்தில் நடுப்பகற் சூரியன் வடக்கே உச்சியிலிருந்து சுமார் 15 டிகிரி சாய்ந்தே நிற்பதால், கூரையின் வெளிநீட்டமாகிய இறவாரம் ஒன்றரை அடி இருந்தாலே சுவரில் ஐந்தடிக்குக் குறையாமல் நிழல் விழும். வாசலைத் தெற்குச் சுவரின் கீழ்க்கோடியில், பவர் டில்லர் நுழையத்தக்க 5 அடி அகலத்தில் வைக்கலாம். மேற்குச் சுவரில் வாசலோ பெரிய சன்னலோ வைத்தல் கூடாது.

அடித்தளமும் சுவரும்

கருங்கல் இப்பக்கத்தில் எளிதிற் கிடைப்பதால் அஸ்திவாரத்திற்கு அதுவே உத்தமம். கெட்டியான மண்ணில் 2 அடி அகலமும் 2 அடி ஆழமும் போதும். இளகிய மண்ணாயின் கெட்டி காணும் வரை தோண்டுக. தளம் தரைமட்டத்திற்கு ஒன்றரை அடி மேலே இருத்தல் வேண்டும். உள்ளே மணல் நிரப்பி, நீர் விட்டு இடித்து, கல் ஜல்லிக் காங்கிரீட் இட்டு, மேலே சிமெண்டுப் பூச்சு பூசினால் கரையானும் ஈரமும் எளிதில் ஏறா.

சுவருக்குச் செங்கல்லே தக்கது. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து பணியாற்றிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007) பரவச் செய்த எலிப்பொறிக் கட்டு என்னும் முறை இதற்கு மிகவும் ஏற்றதாகும். செங்கற்களைப் படுக்கையாக வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரு வரிசைகளாய்க் கட்டி, இடையிடையே குறுக்குக் கற்களால் பிணைப்பர். 9 அங்குலச் சுவருக்குள் 3 அங்குல அளவில் வெற்றிடங்கள் அமைகின்றன. அசையாத காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாதாகையால், மேற்குச் சுவரின் மாலைச் சூடு உள்ளே வருவது குறையும். சாதாரணக் கட்டைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். மூலைகளிலும், வாசல் சன்னல் ஓரங்களிலும் வெற்றிடத்தில் இரும்புக் கம்பியை நிறுத்திக் காங்கிரீட்டால் நிரப்பினால் சுவருக்கு உறுதி உண்டாகும். இம்முறையில் பழகிய கொத்தனார் இல்லாவிடில், சாதாரண 9 அங்குலச் சுவரே கட்டி, வெளிப்புறம் வெள்ளையடித்தல் நலம். பழகாத கையால் செய்த புதுமுறை, பழகிய கையால் செய்த பழைய முறைக்கு ஈடாகாது.

சுவர் 9 அடி எழும்பியதும், அதன் தலையில் நாற்புறமும் தொடர்ந்து செல்லும்படி கம்பி இட்ட காங்கிரீட் பட்டி ஒன்று போடுதல் அவசியம். கூரையைப் பிணைக்கும் இடம் இதுவே.

கூரைப் பொருள்களின் குணதோஷங்கள்

பனையோலைக் கூரை குளிர்ச்சி தரும். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். தீப்பொறி பறக்கும் பட்டறைக்கு அது சிறிதும் தகாது.

இரும்புத் தகடு எளிதில் அமைக்கத் தக்கது. ஆனால் உச்சி வெயிலில் வெறுந்தகட்டின் சூடு 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் ஏறக்கூடும். அந்தச் சூடு கதிர்களாய்க் கீழே இறங்கி வேலையாளின் தலையிலும் தோளிலும் படுகிறது. இரவில் தகடு குளிர்ந்து, அதன் அடியில் நீர் கோத்துச் சொட்டி, கருவிகளில் துரு ஏறச் செய்கிறது.

கல்நார் சிமெண்டுத் தகட்டைப் புதிதாய் இடுதல் வேண்டாம். எல்லா வகைக் கல்நாரும் நுரையீரற் புற்றுநோயை உண்டாக்க வல்லவை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துள்ளது. முன்னரே இட்டிருப்பின் அதனை அறுக்கவோ, துளைக்கவோ, உடைக்கவோ, உரசித் தேய்க்கவோ கூடாது. அதன் தூசியே அபாயகரமானது.

மங்களூர் ஓடு எல்லாவற்றிலும் சிறந்தது. 1865-ஆம் ஆண்டில் பாசல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து இவ்வகை ஓடு மேற்குக் கரையெங்கும் பரவிற்று. மண் ஓடு தகட்டைப் போல் விரைவில் கொதிப்பதில்லை. ஓட்டின் இடுக்குகளின் வழியே சூடான காற்றும் ஓரளவு வெளியேறும். உடைந்த ஓட்டை மட்டும் மாற்றினால் போதும். பழைய வீடுகளைப் பிரிக்கும் இடங்களில் நல்ல ஓடுகளும் பனங்கைமரங்களும் கிடைப்பதுண்டு. முற்றிய பனையின் வெளிப்புறமே வயிரம் பாய்ந்த பகுதி. உட்புறச் சோற்றை முழுதும் செதுக்கி நீக்கிய கைமரத்தையே கொள்ளுக.

கூரையின் வடிவம்

இந்த ஜில்லாவின் தக்கலைக்கு அருகேயுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்கள், செங்குத்தாய்ச் சரிந்த ஓட்டுக் கூரைகளையும், முகட்டின் கோடிகளில் அமைந்த சிறு மரமுகப்புகளையும் கவனித்திருக்கலாம். அம்முகப்புகள் அழகிற்காக மட்டும் அமைந்தவையல்ல. மேலே எழும் சூடான காற்று அவற்றின் மரச் சட்டங்களுக்கிடையே வெளியேறுகிறது. இவ்வமைப்பையே சிறிய அளவில் கொல்லைப் பட்டறைக்கும் கைக்கொள்ளலாம்.

கூரை நாற்புறமும் சரிவாய் இருத்தல் வேண்டும். இரு சரிவுக் கூரையில் மேற்குப் பக்கத்து முக்கோணச் சுவர் காற்றை நேரே மார்பில் தாங்கும். நாற்சரிவுக் கூரையில் காற்று வழுக்கி ஏறிச் செல்லும். சரிவு 30 டிகிரி அளவில், அதாவது பாதி அகலமாகிய 6 அடிக்கு மூன்றரை அடி உயரம் எழும்படி அமைக்க வேண்டும். தட்டையான கூரைக்கு மேலே காற்று விரைந்து ஓடும்போது கூரையை மேல்நோக்கி உறிஞ்சும் சக்தி அதிகம். தக்க சரிவில் அது குறையும்.

முகட்டின் கிழக்குக் கோடியிலும் மேற்குக் கோடியிலும், ஓர் அடி உயரத்தில் சிறு முகப்புகள் வைத்து, கீழ்நோக்கிச் சாய்ந்த மரச் சட்டங்களையும் எலி, பறவை புகாதபடி கம்பி வலையையும் பொருத்துக. மேற்கு முகப்பிற்கு மட்டும் உட்புறத்தில் மூடுபலகை ஒன்று இருத்தல் வேண்டும். ஆனியில் காற்று தொடங்கும்போது அதனை மூடி, கிழக்கு முகப்பைத் திறந்து வைத்தால், கூரையைக் கடந்து செல்லும் காற்றே உள்ளிருக்கும் சூட்டைக் கிழக்கு வழியாய் இழுத்துச் செல்லும். காற்றுள்ள பக்கத்தைத் திறந்து, எதிர்ப்பக்கத்தை மூடி வைத்தலோ பெருந்தவறு. உட்புகுந்த காற்று கீழிருந்து தள்ள, மேலே ஓடும் காற்று உறிஞ்ச, இரண்டும் சேர்ந்து கூரையைப் பெயர்த்துவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் வாசல், சன்னல், முகப்பு யாவற்றையும் அடைத்து விட வேண்டும்.

இறவாரம் ஒன்றரை அடிக்கு மிகாதிருக்கட்டும். தெற்கே தாழ்வாரம் தேவையாயின், பெரிய கூரையை நீட்டாமல், அதற்குக் கீழே தனித் தூண்களின்மேல் தனிக் கூரையாய் அமைக்க வேண்டும். பெருங்காற்றில் தாழ்வாரம் போனாலும் கொட்டகை தப்பும்.

கூரையைப் பிணைத்தல்

கைமரத்தைச் சுவர்மேல் வைத்து ஆணி அறைந்துவிட்டால் போதும் என்று எண்ணுவது தவறு. ஆணி கீழ்நோக்கிய பாரத்தைத் தாங்குமேயன்றி மேல்நோக்கிய இழுப்பைத் தாங்காது. காங்கிரீட் பட்டியின் கம்பிகளுக்குள் வளைத்துப் புதைத்த அரை அங்குல போல்ட்டுகளை 4 அடிக்கு ஒன்றாக நிறுத்தி, சுவர்த்தலை உத்தரத்தை அவற்றால் இறுக்குக. ஒவ்வொரு கைமரத்தையும் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையால் உத்தரத்தோடு சேர்த்துக் கட்டுக. இறவார ஓரத்திலும் முகட்டிலும் உள்ள ஓட்டு வரிசைகளைத் துருப்பிடியாத கம்பியால் சட்டத்தோடு பிணைத்தல் வேண்டும். காற்று முதலில் பெயர்ப்பது இவ்வரிசைகளையே. தகட்டுக் கூரையாயின் கொக்கி போல்ட்டுகளை ரப்பர் வாசருடன் தகட்டின் மேட்டில் இட்டு, ஓரங்களில் நெருக்கமாக அமைக்க வேண்டும். பள்ளத்தில் இட்டால் மழைநீர் ஒழுகும்.

வெப்பத் தடுப்பு

ஓட்டிற்குக் கீழே, சுவரின் தலைமட்டத்தில், மூங்கில் தட்டி அல்லது மெல்லிய பலகையால் உட்கூரை ஒன்று அமைக்கவும். ஓட்டிற்கும் உட்கூரைக்கும் இடையேயுள்ள வெற்றிடமே வெப்பத்தைத் தடுக்கும் பொருள். ஆனால் அவ்வெற்றிடத்திலுள்ள காற்று மாறிக்கொண்டே இருத்தல் அவசியம். இதற்கென இறவாரத்தின் அடியில் சுவரோரமாய் ஓர் அங்குல இடுக்கு விட்டு வலை அடிக்க வேண்டும். அதன் வழியே புகும் காற்று, சூட்டை ஏந்தி முகப்பின் வழியே வெளியேறும். உட்கூரையின் நடுவில் முகட்டிற்கு நேர் கீழே ஓர் அடி அகல இடைவெளி விட்டால் பட்டறையின் உட்சூடும் அதே வழியாய் ஏறிச் செல்லும். சுவரின் அடிப்பாகத்தில் வடக்கிலும் தெற்கிலும் சிறு துவாரங்கள் வைத்தால் குளிர்ந்த காற்று உள்ளே வரும். மேலே வழி இருந்து கீழே வழி இல்லையாயின் காற்றோட்டம் நடவாது.

உட்கூரையின் மேல் உமி, வைக்கோல், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைப் பரப்பும் வழக்கம் பட்டறைக்கு ஆகாது. அவை எலிக்கு இருப்பிடமாகும், ஈரத்தை உறிஞ்சும், பொறி விழுந்தால் வெளியே தெரியாமல் நெடுநேரம் கனன்று கொண்டிருக்கும்.

முன்னரே தகட்டுக் கொட்டகை வைத்திருப்போர் அதனைப் பிரிக்க வேண்டுவதில்லை. செலவு குறைந்த முறைகளைப் படிப்படியாகச் செய்து வரலாம்.

1. மாசி மாதத்தில் தகட்டின்மேல் வெள்ளை வர்ணம் பூசுக. வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆமதாபாத் நகரில் 2017-ஆம் ஆண்டு முதல் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் திட்டம் இக்காரணம் பற்றியே நடத்தப்பட்டது. வெறுஞ்சுண்ணாம்பு தகட்டில் நில்லாது மழையில் கரையுமாதலால், தகட்டிற்கென உள்ள வர்ணமே நலம்.

2. தகட்டிற்குக் கீழே நான்கு அங்குலமேனும் இடைவெளி விட்டு உட்கூரை அமைத்து, இடைவெளியின் இரு முனைகளையும் வலையிட்டுத் திறந்து வைக்கவும்.

3. அலுமினியப் படலம் இடுவதாயின், மினுக்கும் பக்கம் கீழே வெற்றிடத்தை நோக்கி இருக்கும்படி தகட்டின் அடியில் கட்டவும். மேல்நோக்கி வைத்தால் தூசி படிந்து பயன் குன்றும்.

4. மேற்குச் சுவருக்கு 3 அடி தள்ளி உறுதியான கால்கள் நட்டுத் தட்டி கட்டி, அவரை, பாகல் முதலிய கொடிகளைப் படர விடலாம். கொடி பட்டுப்போன காலத்திலும் தட்டி நிழல் தரும்.

இவற்றை ஒரே ஆண்டில் செய்ய இயலாவிடினும், முதலாவதை மட்டுமேனும் செய்து வந்தால் வித்தியாசம் விளங்கும். ஆனால் தகட்டின் பிணைப்பு தளர்ந்திருந்தால், எல்லாவற்றிற்கும் முன் அதனை இறுக்க வேண்டும்.

தீயும் துருவும்

பற்றவைப்பு, உலைவேலை ஆகியவற்றைத் தெற்குத் தாழ்வாரத்தில் தகட்டுக் கூரையின் கீழேயே செய்ய வேண்டும். டீசல், பெட்ரோல், பூச்சிமருந்து ஆகியவை பட்டறைக்குள் இருத்தல் கூடாது. மின்கம்பிகளை உட்கூரையின்மேல் வெறுமனே கிடத்தாமல் குழாய்க்குள் செலுத்தி, மின் கசிவு ஏற்பட்டால் தானே அறுந்து நிற்கும் கருவியையும் பொருத்த வேண்டும். கருவிகளைச் சுவரில் நேரே மாட்டாமல், சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிய பலகையில் மாட்டி, ஐப்பசி மழைக்கு முன் எண்ணெய் தடவி வைத்தால் உப்புக்காற்றின் துரு அணுகாது.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

கொட்டகை சிறியதாயினும் அது பட்டா எல்லைக்குள் அமைகிறதா, வாய்க்கால் கரையையோ புறம்போக்கையோ தொடுகிறதா என்பதை முதலில் அளந்து காட்டுதல் பின்னாளைய வழக்குகளைத் தவிர்க்கும். கட்டுமானத்திற்கு முன் பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் அனுமதி பற்றி விசாரித்துக்கொள்ளுமாறு குடியானவர்களுக்கு அறிவுறுத்த வேண்டும். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதனை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்பது 2021-ஆம் ஆண்டின் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஆகவே கைமரத்திற்கென உயிருள்ள பனையை வெட்டாமல், பிரித்த வீடுகளின் மரத்தை வாங்குவதே முறை.

செலவின் வரிசை

கையிலுள்ள பணம் குறைவாயிருப்பின், அதனை எந்த வரிசையில் செலவிடுவது என்பதே முக்கியம். முதலில் கூரையின் பிணைப்பு, இரண்டாவது கூரையின் பொருளும் உட்கூரையும், மூன்றாவது காற்று வழி, அதன் பின்னரே சுவரின் சிறப்பும் பூச்சும் என்று கொள்ளுக. அநேகர் இதனைத் தலைகீழாய்ச் செய்து, சுவருக்கு வர்ணம் தீட்டிய பின் எஞ்சிய பணத்தில் தகட்டைப் போர்த்தி விடுகின்றனர். அத்தகைய கொட்டகை பங்குனி வெயிலில் ஆளை விரட்டும். ஆடிக்காற்றில் தானும் நில்லாது. கும்பப்பூ அறுவடை முடிந்து கையில் பணமும் ஓய்வும் உள்ள மாசி மாதத்தில் வேலையைத் தொடங்கினால், ஆனிக் காற்று எழுமுன் கூரை வேலை முடிவுறும். அடுத்த சித்திரையில் நடுப்பகலிலும் பட்டறையில் வேலை நடைபெறும்.